பாலைவனமும் பதினைந்து பாயிண்ட் காற்றும்

நம் சங்க மலரில் ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றியும், ஒர்க்‌ஷாப்பில் அரம் பிடித்துக் கை காய்த்துப்போன கதையைப் பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். என்னைவிட நன்றாகவே எழுதுவார்கள். நான் என் பிழைப்பிலிருந்து ஒரு சங்கதியை எடுத்துக்கொள்கிறேன்: பிக்-அப் வண்டிக்கு டயர் மாற்றுவது. "இதுல என்னப்பா சரித்திரம் இருக்கு?" என்று நம் மெக்கானிக்கல் நண்பர்களே கேட்பார்கள். சிவில்காரர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். சரித்திரம் இருக்கிறது, அதில் நம் ஆட்களும் இருக்கிறார்கள்.

நான் 2010-இல் படிப்பை முடித்து வெளியே வந்தவன். இப்போது ஓமானில் ஓர் எண்ணெய் வயலில் வண்டி வாகனங்களைப் பராமரிக்கும் பிரிவில் இருக்கிறேன். எங்கள் பொறுப்பில் நாற்பது சொச்சம் பிக்-அப் வண்டிகள். எல்லாமே நாலு சக்கரமும் இழுக்கும் ரகம். காலையில் முகாமை விட்டுக் கிளம்பும் வண்டி முதலில் தார் ரோட்டில் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் ஓடும். அப்புறம் கிரேடர் விட்டு இழுத்த கிராவல் ரோடு. ஒவ்வொரு கல்லும் அரிவாள் மாதிரி. அதற்கப்புறம் 'சப்கா' என்று அரபியில் சொல்லும் உப்புத் தரை. மேலே அப்பளம் போலக் காய்ந்திருக்கும், உள்ளே களி. கடைசியில் மணல். ஒரே நாளில், ஒரே டயரில் இந்த நாலு தரையையும் பார்த்தாக வேண்டும். கோடையில் நிழலிலேயே 45 டிகிரியைத் தாண்டும். வெயிலில் கிடக்கும் தார் ரோட்டின் சூட்டை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வண்டிகளின் டயர் தேய்ந்ததும் மாற்று டயராக எதை வாங்குவது என்று எழுதித் தரும் வேலை என் மேஜைக்கு வந்தது. இளவட்ட டிரைவர்களுக்குப் பெரிய பெரிய பட்டன் வைத்த சேற்று டயர்தான் வேண்டும். "பார்த்தாலே ஒரு கெத்து சார்!" கொள்முதல் பிரிவுக்காரர்களுக்கு விலை குறைந்த ரோட்டு டயர் போதும். எனக்கு மேலே இருந்த அதிகாரிக்கு, ஒரு சைஸ் பெரிசாகப் போட்டால் மணலில் புதையாது என்று ஒரு நம்பிக்கை. மூன்று தரப்பும் ரப்பரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தன. காற்றைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதனால்தான் நான் பழைய கதையைப் புரட்டப் போனேன்.

ஆரம்பக் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1839-இல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றிப் பதப்படுத்தும் வழியைக் கண்டார். 1845-இல் ராபர்ட் வில்லியம் தாம்சன் காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கினார், ஆனால் அது அன்றைக்குப் பரவவில்லை. 1888-இல் பெல்ஃபாஸ்டில் மாட்டு டாக்டர் டன்லப் தன் பையனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதையே மறுபடி கண்டுபிடித்தார். 1895-இல் மிஷெலின் சகோதரர்கள் பாரிஸ்-போர்தோ-பாரிஸ் பந்தயத்தில் காரில் மாட்டிக் காட்டினார்கள். இதெல்லாம் நல்ல ரோடு உள்ள ஊர்க்கதை. ரோடே இல்லாத இடத்தில் டயர் என்ன செய்தது என்பதுதான் நமக்கு வேண்டியது.

முதலில், ஒன்றும் செய்யவில்லை. 1922 டிசம்பரில் சிட்ரோயன் கம்பெனியின் வண்டிகள் அல்ஜீரியாவின் டூகூர்ட்டிலிருந்து கிளம்பி, 1923 ஜனவரியில் சஹாராவைக் கடந்து டிம்பக்டு போய்ச் சேர்ந்தன. உலகமே கைதட்டியது. ஆனால் அந்த வண்டிகளின் பின்பக்கம் டயரே கிடையாது. ரஷ்ய ஜாரின் கார்களைப் பராமரித்த கெக்ரெஸ் என்பவர் பனியில் ஓட்டுவதற்காக வடிவமைத்த ரப்பர் பட்டைதான் அங்கே சுழன்றது. அதாவது, மணலில் டயர் உதவாது, டாங்கி போலப் பட்டைதான் வேண்டும் என்பது அன்றைய பெரிய கம்பெனிகளின் முடிவு.

அதைப் பொய்யாக்கியவர் ராணுவச் சம்பளத்தில் கெய்ரோவில் இருந்த ஓர் இன்ஜினியர். பெயர் ரால்ஃப் பேக்னால்ட். விடுமுறை கிடைத்தால் மற்ற அதிகாரிகள் போலோ ஆடப் போவார்கள். இவர் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, சொந்தக் காசில், ஃபோர்டு மாடல் டி காரிலும் பிறகு மாடல் ஏ காரிலும் லிபியப் பாலைவனத்துக்குள் போவார். பின்சக்கரம் மட்டும் இழுக்கும் சாதாரணக் கார்கள். இன்று நம் ஆட்கள் பட்டனை அழுத்தி நாலு சக்கர இழுவையைப் போடுகிறார்களே, அந்தச் சொகுசெல்லாம் அப்போது இல்லை.

அவர் கையாண்ட உபாயங்களைப் படித்தபோது, நம் ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர் கையில் இந்த ஆள் கிடைத்திருந்தால் கொண்டாடியிருப்பார் என்று தோன்றியது. ரேடியேட்டர் கொதித்தால் தண்ணீர் ஆவியாகிப் போகும், பாலைவனத்தில் தண்ணீர்தான் உயிர். அந்த ஆவியை ஒரு குழாய் வழியாகத் தண்ணீர் டின்னுக்குள் விட்டு, குளிர வைத்துத் திரும்பப் பிடித்தார். சக்கரம் புதைந்தால் அடியில் போட, கெய்ரோவில் பழைய சாமான் கடையிலிருந்து எஃகுத் தகடுகள் வாங்கினார். முதல் உலகப் போரில் பதுங்குகுழிக்குக் கூரை போடச் செய்தவை அவை. இதற்கெல்லாம் மேலே ஒரு உபாயம், காசே செலவில்லாதது: மணல் வந்ததும் டயரில் பாதிக் காற்றைத் திறந்து விடுவது. கெட்டித் தரை வந்ததும் பம்ப் அடித்து ஏற்றிக்கொள்வது. வண்டியே ஏறாது என்று எல்லாரும் கைவிட்டிருந்த பெருமணற்கடலின் குன்றுகளில் 1930 வாக்கில் அவருடைய கார்கள் ஏறி இறங்கின.

அந்த மணலே பிறகு அவருக்கு ஆராய்ச்சியாகிவிட்டது. காற்றில் மணல் எப்படி நகர்கிறது என்று காற்றுச் சுரங்கம் கட்டிப் பரிசோதித்து 1941-இல் அவர் வெளியிட்ட புத்தகத்தை, செவ்வாய்க் கிரகத்து மணற்குன்றுகளைப் படிக்கிறவர்கள்கூடப் புரட்டியிருக்கிறார்கள். அதற்கு முந்திய வருடம், 1940-இல், போர் வந்தபோது அதே அனுபவத்தை வைத்து 'லாங் ரேஞ்ச் டெசர்ட் க்ரூப்' என்ற படைப்பிரிவை அமைத்தார். நியூசிலாந்து விவசாயப் பிள்ளைகள் ஷெவர்லே லாரிகளை ஓட்டிக்கொண்டு, எதிரி கனவிலும் எதிர்பார்க்காத மணல் பக்கமிருந்து வந்து நின்றார்கள். அந்த லாரிகளும் பின்சக்கர இழுவைதான்.

காற்றைக் குறைத்தால் ஏன் புதையவில்லை? நாம் முதல் வருடத்தில் படித்த கணக்குதான். ஒரு சக்கரத்தின் மேல் 600 கிலோ இறங்குகிறது என்று வையுங்கள். டயருக்குள் 35 பாயிண்ட் காற்று. நம்மூர் பங்க்கில் "எத்தனை பாயிண்ட் சார்?" என்று கேட்பார்களே, அதுதான்: ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு. 35 பாயிண்ட் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2.46 கிலோ. 600 கிலோவைத் தாங்க, ஏறத்தாழ 244 சதுர சென்டிமீட்டர் டயர் தரையில் படிந்தால் போதும். நம் இரண்டு உள்ளங்கை அகலம். அதையே 15 பாயிண்ட்டுக்கு இறக்கினால் ஏறத்தாழ 570 சதுர சென்டிமீட்டர் படிந்தாக வேண்டும். மணலின் மேல் அழுத்தம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. டயரின் சைடுவால் விறைப்பாக இருப்பதால் நிஜத்தில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஆனால் போக்கு இதுதான். படியும் தடம் அகலத்தைவிட நீளத்தில்தான் அதிகம் வளரும், டாங்கிப் பட்டை போல. சிட்ரோயன் பெரும் செலவில் செய்ததை பேக்னால்ட் வால்வு ஊசியை அழுத்திச் செய்துவிட்டார்!

இந்தக் கணக்கில் பட்டன் எங்கே வருகிறது என்று பாருங்கள். வரவே இல்லை. சேற்றில் ஆழமான பட்டன் உள்ளே குத்திப் பிடிக்கும், இரண்டு பட்டனுக்கு நடுவே இருக்கும் சேற்றை வெளியே வீசும். உலர்ந்த மணலில் பிடிக்க ஒன்றும் இல்லை. சக்கரம் சுற்றச் சுற்ற அதே பட்டன் மண்வெட்டி போலக் குழி தோண்டும். மிஷெலின் கம்பெனி மணலுக்கென்றே செய்த 'எக்ஸ்எஸ்' டயரைப் பார்த்தால், பட்டன் ஏறக்குறைய மழுங்கலாகத்தான் இருக்கும்.

போர்க்காலத்தில் இன்னொரு பக்கம் நடந்ததையும் சொல்லாமல் போக முடியவில்லை. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. மலேயாவின் ரப்பர் தோட்டங்கள் ஜப்பான் கைக்குப் போயின. நேச நாடுகளுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் பெரும்பகுதி ஒரே அடியில் நின்றது. அமெரிக்காவில் டயரை மிச்சம் பிடிக்க வேண்டுமென்றே நாடு முழுக்க மணிக்கு 35 மைல் வேகக் கட்டுப்பாடு போட்டார்கள். பெட்ரோல் ரேஷனுக்கும் அதுதான் முக்கியக் காரணம். செயற்கை ரப்பர் ஆலைகளை அவசர அவசரமாகக் கட்டினார்கள். அந்த மலேயாத் தோட்டங்களில் விடியற்காலையில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் நம் தஞ்சாவூர், திருச்சி, சேலம், ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து போனவர்கள். அவர்களில் எத்தனையோ பேரை ஜப்பான் ராணுவம் சயாம் ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போனது. போனவர்களில் பெரும் எண்ணிக்கையினர் திரும்பவில்லை. டயர் சரித்திரம் எழுதுகிற வெள்ளைக்காரப் புத்தகங்களில் இவர்களுக்கு ஒரு பாராகூட இருப்பதில்லை.

அதே 1942-இல் அமெரிக்காவில் 'டக்' என்ற வண்டி வடிவமைக்கப்பட்டது. தண்ணீரிலும் போகும், கரையேறியும் ஓடும். கடற்கரை மணலில் ஏறும்போது ஆறு சக்கரத்துக்கும் காற்றைக் குறைக்க வேண்டும், ரோட்டுக்கு வந்ததும் ஏற்ற வேண்டும். குண்டு விழுகிற கரையில் எந்த மகராசன் இறங்கிப் பம்ப் அடிப்பான்? டிரைவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே டயர்க் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் ஏற்பாடு செய்தார்கள். அப்படி வந்த முதல் வண்டி அதுதான். குறைப்பது எவ்வளவு முக்கியமோ, திரும்ப ஏற்றுவதும் அவ்வளவு முக்கியம் என்று அந்த இன்ஜினியர்களுக்குத் தெரிந்திருந்தது. இந்த இரண்டாம் பாதியைத்தான் பின்னால் வந்தவர்கள் மறந்தார்கள்.

ரேடியல் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம்மூர் லாரிக்காரர்கள் 'நைலான் டயர்' என்பார்களே, அதில் நூல் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக, சாய்வாக ஓடும். டயர் மடங்கும்போதெல்லாம் அடுக்குகள் ஒன்றையொன்று உரசிச் சூடேறும். மிஷெலின் 1946-இல் காப்புரிமை எடுத்து 1949-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ரேடியலில், நூல்கள் விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராக ஓடும். பட்டனுக்கு அடியில் எஃகு பெல்ட். சூடு குறைவு, தடம் நீளம், காற்றைக் குறைத்தாலும் சைடுவால் நன்றாக வளைந்து கொடுக்கும். ஆனால் அந்த சைடுவால் மெல்லிசு, கூரான கல்லுக்குக் கிழியும். 1967-இல் மெக்சிகோவின் பாஹா பாலைவனப் பந்தயம் தொடங்கியது. 1976-இல் பிஎஃப் குட்ரிச் 'ஆல்-டெர்ரெய்ன்' என்று ஒரு ரேடியலைக் கொண்டுவந்தது. ரோட்டிலும் ஓடும், காட்டிலும் ஓடும். இன்று எல்லாக் கம்பெனியும் அந்த ரகத்தில் ஒன்று வைத்திருக்கிறது.

இனிமேல் சொல்வது கொஞ்சம் கனமான விஷயம்.

2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் கம்பெனி அமெரிக்காவில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் இருந்தவை. வேகமாகப் போகும்போது பட்டனும் மேல் எஃகு பெல்ட்டும் அப்படியே உரிந்து போயின, வண்டிகள் கவிழ்ந்தன. அமெரிக்க அரசின் கணக்கில் 270-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம்மில் பலர் கவனிக்காத ஒன்று: அதற்கு முந்திய ஆண்டே, 1999-இல், சவூதியிலும் வளைகுடாவிலும் இதே டயர்களை ஃபோர்டு மாற்றிக் கொடுத்தது. வெயிலும் வேகமும் அதிகமான ஊரில் குறை முதலில் தெரிந்துவிட்டது. காற்று எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில் ஃபோர்டு 26 என்றது, டயர் கம்பெனி 30 என்றது. ஆளுக்கு ஆள் மற்றவரைக் கைகாட்டினார்கள். அந்தச் சண்டையின் விளைவாக வந்த சட்டத்தால்தான், 2007-லிருந்து அமெரிக்காவில் விற்கும் புதுக் கார்களில் எல்லாம் காற்று குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு கட்டாயமானது.

கணக்கைப் பாருங்கள். எங்கள் வண்டிகளின் டயர் 265/65 ஆர்17. உயரம் 776 மில்லிமீட்டர். சுற்றளவு 2.44 மீட்டர். நூறு கிலோமீட்டர் வேகத்தில் டயரின் ஒவ்வொரு பகுதியும் ஒரு மணி நேரத்தில் 41,000 தடவை மடங்கி நிமிர்கிறது. மடங்கிய ரப்பர் வாங்கிய சக்தியை முழுசாகத் திருப்பித் தராது, மிச்சம் சூடாகிறது. காற்று குறைந்தால் மடிப்பு ஆழமாகும், சூடு ஏறும், பெல்ட்டின் ஓரத்தில் ரப்பர் விரிசல் விடும். மணலில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் உயிர் காக்கும் அதே 15 பாயிண்ட், தார் ரோட்டில் நூறில் உயிரை எடுக்கும்.

இது எனக்குப் புத்தகத்தில் மட்டும் தெரிந்த விஷயமல்ல. எங்கள் வயலில் வேலை செய்த ஒப்பந்தக்காரர் ஒருவரின் பிக்-அப், ஒரு ஜூன் மாத மத்தியானம் மணல் வேலை முடித்து நெடுஞ்சாலை ஏறியது. பின்பக்க இடது டயரின் பட்டன் உரிந்து வண்டி மூன்று உருள் உருண்டது. ஓட்டி வந்தவர் ராமநாதபுரத்துக்காரர். எனக்கு அண்ணன் வயது. கேன்டீனில் பார்த்தால் "சாப்டியாப்பா?" என்று கேட்காமல் போகமாட்டார். மற்ற மூன்று டயர்களிலும் காற்றை அளந்தார்கள்: 17, 18, 17. வண்டியில் கம்ப்ரஸர் இல்லை. காற்றடிக்கிற பங்க் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி. அவர் மணலுக்குக் காற்றைக் குறைத்தது சரி. வேறு எப்படியும் உள்ளே போயிருக்க முடியாது. திரும்ப ஏற்ற அவருக்கு யாரும் வழி வைக்கவில்லை. போர்க்காலத்தில் டக் வண்டிக்குக் கொடுத்ததை, அத்தனை வருடம் கழித்து ஒரு பிக்-அப் டிரைவருக்குக் கொடுக்கவில்லை. பெட்டி ஊருக்குப் போனபோது கூடப் போனவர்களில் நானும் ஒருவன்.

அதற்குப் பிறகுதான் டயர் எழுதித் தரும் வேலை என்னிடம் வந்தது. நான் எழுதியதைச் சொல்கிறேன், ஊரில் தார் ஜீப்போ பிக்-அப்போ வைத்திருக்கும் நண்பர்களுக்கும் பயன்படலாம்.

கம்பெனி கொடுத்த சைஸையே வைத்தோம். அதிகாரி கேட்ட 265/70-ஐப் போட்டால் உயரம் 27 மில்லிமீட்டர் கூடும். அதில் பாதிதான் வண்டி எழும்பும். ஸ்பீடோமீட்டர் நூறு காட்டும்போது வண்டி 103-க்கு மேல் போகும். மணலில் கிடைக்கும் லாபத்தைவிட இரண்டு பாயிண்ட் காற்றைக் குறைத்தால் கூடுதல் லாபம். அவர் நல்ல மனிதர், கணக்கைப் பார்த்ததும் ஒப்புக்கொண்டார். பட்டனில் ஆல்-டெர்ரெய்ன். சேற்று டயர் வேண்டாம் என்றேன். எங்களுக்குச் சேறு வருடத்தில் நாலு நாள், சூடான தார் முந்நூறு நாள். கனமான பட்டனில் ரப்பர் அதிகம், சூடும் அதிகம். பசங்களுக்கு வருத்தம்தான்.

டயர் மேல் இருக்கும் 112 என்ற எண்ணுக்கு ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும் என்று அர்த்தம். அதற்குக் கீழே எதையும், எவ்வளவு மலிவாக வந்தாலும், வாங்கக்கூடாது என்று எழுதினேன். வெல்டிங் செட்டும் பைப்பும் ஏற்றும் எட்டு வண்டிகளுக்கு மட்டும் 'எல்டி' என்ற லாரி ரக டயர். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. எல்டி டயர் கெட்டி என்பதால் பழைய காற்றே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நேர் எதிர். அதே பாரத்தைத் தாங்க அதற்குக் காற்று கூடுதலாக வேண்டும். கதவில் ஒட்டியிருக்கும் பழைய அளவைப் போட்டால் அது காற்று குறைந்த டயர்தான். கம்பெனியின் பார அட்டவணையைப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும். பிறகு, தயாரித்த தேதி. சைடுவாலில் நாலு இலக்கம் இருக்கும்; முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். 2000-க்கு முன் மூன்று இலக்கம்தான் இருந்தது, எந்தப் பத்தாண்டு என்றே தெரியாது. வளைகுடா கிடங்கில் இரண்டு கோடை வெந்த டயர் பார்வைக்குப் புதிதாகவே இருக்கும். ஸ்டெப்னியையும் விடாமல் பார்க்கச் சொன்னேன். அதுதான் எப்போதும் கிழடாக இருக்கும்.

இத்தனைக்கும் கொள்முதல் பிரிவு ஒத்துக்கொண்டது. கடைசி வரியில்தான் சண்டை. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கம்ப்ரஸர், ஒரு கேஜ். "டயர் ஸ்பெசிஃபிகேஷன்ல கம்ப்ரஸர் எதுக்கு?" என்று ஃபைல் மூன்று தடவை திரும்பி வந்தது. மூன்றாவது தடவை, அந்த விபத்து அறிக்கையில் 17, 18, 17 என்று இருந்த பக்கத்தை நகல் எடுத்து மேலே வைத்து அனுப்பினேன். கையெழுத்தாகி வந்துவிட்டது.

இப்போது எங்கள் வண்டிகளின் டிரைவர் பக்கக் கதவில், திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி, மூன்று வரி ஸ்டென்சில் அடித்திருக்கிறோம். தார் 36, கிராவல் 28, மணல் 15. எல்டி டயர் வண்டிகளுக்குத் தனி எண்கள். அரபி, உருது, மலையாளம், தமிழ் என நாலு எழுத்திலும். தமிழை எழுதியது பெயின்ட் கடையில் வேலை பார்க்கும் சிவகங்கைப் பையன். 'கிராவல்' என்பதை முதலில் 'கிறாவல்' என்று எழுதிவிட்டான், அதை இரண்டு வண்டியில் அப்படியே விட்டுவிட்டோம். கிராவலுக்கு 28 அதிகம், 26-தான் சரி என்று டிரைவர்களுக்குள் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது. வெள்ளிக்கிழமை கேன்டீன் பக்கம் போனால் என்னையும் உட்காரவைத்துக் கேட்கிறார்கள்.